கெட்ட கட்டளை, இல்லாட்டி கெட்ட பேர்

"பேட் கமாண்ட் ஓர் பைல் நேம்" என்று கம்ப்யூட்டர் நான்காவது தடவையாக எழுதிக் காட்டியபோது, யாகூபின் வாயில் இருந்த வட்டிலாப்பம் உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் தொண்டையிலேயே நின்றது.

அவன் பெண் பார்க்க வந்திருந்தான். பெண்ணை இன்னும் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரமாகக் கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் பெண்ணின் வாப்பா ஜைனுதீன் ஹாஜியார். உக்குவளையில் மிளகும் சாதிக்காயும் மொத்தமாக வாங்குகிறவர். மூட்டையின் வாயில் தெரிகிற மிளகை நம்பாமல், அடியில் கைவிட்டு எடுத்துக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவார் என்று ஊரில் சொல்வார்கள். அதே முகத்தோடு இப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தம்பி பாறூக், பென்ஷன் எடுத்த இங்கிலீஷ் மாஸ்டர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். முப்பது வருஷம் மொழிபெயர்ப்புக்குப் புள்ளி போட்ட ஆள்.

"கெட்ட கட்டளை," என்றார். கொஞ்சம் யோசித்தார். "இல்லாட்டி, கெட்ட பேர்."

பெண் பார்க்கிற வீட்டில் சொல்லக் கூடாத சொற்கள் சில உண்டு. அவற்றில் முதலாவது அது.

"யா அல்லாஹ்!" என்று திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து பெண்ணின் உம்மா ஹவ்வாவின் குரல் வந்தது. "யாருக்காம் கெட்ட பேரு? மாப்பிள்ளைக்கா, நம்ம புள்ளைக்கா?"

"பைலுக்கு, மாமி!" என்றான் யாகூப். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். சம்பந்தமே முடிவாகவில்லை, அதற்குள் மாமி.

இவ்வளவுக்கும் காரணம் பக்கத்துக் கதிரையில் இருந்து வட்டிலாப்பத்தை வழித்துக்கொண்டிருந்த கலியாணப் புரோக்கர் அப்துல் ஸமத். யாகூப் மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பொன்னையா முதலாளியின் கொமினிகேஷனில் வேலை செய்கிறவன். போட்டோகொப்பி அடிப்பான். வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பான். கிராம சேவகருக்குக் கடிதம் டைப் பண்ணுவான். முப்பத்திரண்டு வயதுக்குள் மூன்று சம்பந்தங்கள் "போட்டோகொப்பி" என்ற ஒரே சொல்லில் முறிந்துபோயின. நாலாவதுக்கு அப்துல் ஸமத் அந்தச் சொல்லையே தூக்கிவிட்டார்.

"மாப்பிள்ளை கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஹாஜியார். கொழும்புல பெரிய கம்பனியில இருந்தவர். செக்பொயிண்ட் கரைச்சல் தாங்கேலாம வேலைய உதறிட்டு ஊருக்கு வந்துட்டார்."

யுத்தம் மறுபடி மூண்டிருந்த இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில் செக்பொயிண்ட் என்று சொன்னால் போதும், யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் உச்சுக் கொட்டுவார்கள். உண்மையில் யாகூப் கொழும்புக்கு ஒரே ஒரு தடவைதான் போனான். கோட்டை ஸ்டேஷன் வாசலில் சிப்பாய் ஒருவன் "எதுக்கு வந்தே?" என்று கேட்க, பதறிப்போய், வந்த காரியத்தையே மறந்து அடுத்த கோச்சியில் திரும்பி வந்துவிட்டான்.

பொய் என்று தெரிந்தும் யாகூப் பேசாமல் இருந்தான். போட்டோகொப்பிக்காரனுக்கும் குடும்பம் வேண்டும் அல்லவா? உக்குவளையில் வந்து இறங்கி, சலாம் சொல்லி, உட்கார்ந்து, முதல் கரண்டியை வாயில் வைக்கிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்போதுதான் ஹாஜியார் மேசையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"நோன்புக்கு இன்னும் ஒரு கிழமைதான் மகன். விடியச் சஹர் சாப்பாடு முடியிற நேரம், நோன்பு தொறக்கிற நேரம் எல்லாம் அட்டையா அடிச்சுப் பள்ளியில ஒட்டணும். மூத்தவன் கட்டார்ல இருந்து ஒரு டிஸ்க் அனுப்பியிருக்கான். கறுப்புத் திரையத் தொறந்து 'நோன்பு'ன்னு இங்கிலீஷ் எழுத்துல தட்டினா, அதுவா ஓடிக் கணக்குப் போட்டுத் தருமாம். எங்களுக்கு ஓடுதில்ல. நீங்க இன்ஜினியர்தானே, ஒரு நிமிஷ வேலை."

"ஒரு நிமிஷம் எதுக்கு ஹாஜியார்? அரை நிமிஷம் போதும்!" என்று அப்துல் ஸமத் வாய் நிறைய வட்டிலாப்பத்தோடு வாக்குக் கொடுத்தார்.

அந்த அரை நிமிஷம்தான் இப்போது முக்கால் மணி நேரமாகியிருந்தது.

கண்டியில் மூன்று மாதம் படித்த கோர்ஸில் யாகூபுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டளை. டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்று காட்டுகிற கட்டளை. அதைத் தட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மடமடவென்று ஓடின.

"ஓடுது, ஓடுது!" என்று ஹாஜியார் எழுந்து நின்றார்.

"நான் சொல்லல்லியா?" என்றார் அப்துல் ஸமத்.

"இது பேர்ப் பட்டியல்தான் ஹாஜியார்," என்றான் யாகூப், மெல்லிய குரலில்.

பட்டியலில்தான் விஷயம் இருந்தது. அவன் 'நோன்பு' என்பதற்கு இங்கிலீஷ் 'P' எழுத்துப் போட்டிருந்தான். டிஸ்க்கில் 'B' போட்டிருந்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப' தான். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தை மாற்றித் தட்டினான். மறுபடியும் கெட்ட பேர். உற்றுப் பார்த்தான். பேருக்குப் பின்னால் இருந்த வாலும் பிழை. ஓடுகிற பைலுக்கு 'BAT', அதாவது 'பெட்' என்று வால் இருக்க வேண்டும். இதற்கு இருந்தது வாசிக்கிற பைலின் வால்.

"வால மாத்தணும். 'பெட்'னு போட்டா ஓடும்."

"பெட்டா? அப்ப பந்து எங்க?" என்றார் பாறூக்.

யாகூப் சிரிக்க முயன்றான். முகம் ஒத்துழைக்கவில்லை. வாலை மாற்றுகிற கட்டளையைக் கோர்ஸ் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பார்த்தோம் என்று கண்ணை மூடி நினைத்து, துஆ ஓதித் தட்டினான். டிஸ்க் உள்ளே கர்ர்ர் என்று உறுமியது. திரையில் புதிதாக ஒரு வரி வந்தது.

பாறூக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்த வேலை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

"மூணு கேள்வி கேக்குது தம்பி. விட்டுட்டு ஓடுறீங்களா, திரும்பப் பாக்கிறீங்களா, தோத்துப் போறீங்களா?"

"அப்படியேவா கேக்குது?" என்றார் ஹாஜியார்.

"அப்படியேதான். மாப்பிள்ளை பாக்க நம்மளவிட அதுக்கு நல்லாத் தெரியுது."

யாகூப் 'திரும்பப் பார்க்கிறேன்' என்பதை அழுத்தினான். அதே மூன்று கேள்வி. மறுபடி அழுத்தினான். அதே மூன்று கேள்வி. உள்ளே யாரோ களுக்கென்று சிரிப்பதும், ஹவ்வா "ஷ்ஷ்!" என்பதும் கேட்டது. அவனுக்குக் காது மடல் சுட்டது.

டிஸ்க்கை வெளியே இழுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். மூலையில் ஒரு சின்னக் கறுப்புப் பூட்டு, எழுத விடாமல் தடுக்கிற பக்கம் தள்ளியிருந்தது. நகத்தால் மறுபக்கம் தள்ளி, திரும்பப் போட்டுத் தட்டினான். கேள்வி வரவில்லை. வால் மாறியது. உயிரைப் பிடித்துக்கொண்டு 'நோன்பு' என்று தட்டினான்.

ஓடியது.

இலக்கங்கள் வரிசை வரிசையாக வந்தன. பிரின்டர் மரம் அறுப்பது போல் சத்தம் போட்டு ஒரு தாளைக் கக்கியது. யாகூபுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தான். நான் நிஜமாகவே இன்ஜினியராக இருப்பேனோ என்று ஒரு கணம் அவனுக்கே சந்தேகம் வந்தது.

ஹாஜியார் தாளை எட்டிப் பிடித்து வாசித்தார். "முதலாம் நோன்பு. தொறக்கிற நேரம்..." நிறுத்தினார். தாளைத் தூரப் பிடித்தார். கிட்டப் பிடித்தார். "பின்னேரம் மூணு முப்பத்தஞ்சு."

"மாஷா அல்லாஹ்," என்றார் பாறூக். "என்ட வயசுக்கு இது நல்ல நோன்பு."

"அது கட்டார் நேரம் ஹாஜியார்!" யாகூப் துள்ளி எழுந்தான். "மகன் அந்த நாட்டு நேரத்தப் போட்டிருக்கார். நம்ம நேரத்தப் போட்டாச் சரி."

பைலைத் திறந்தான். கிரீன்விச் நேரத்தோடு கூட்டுகிற மணி, கட்டாருக்கு மூன்று என்று இருந்த இடத்தில் இலங்கைக்கு ஐந்தரை என்று போட வேண்டும். சித்திரையில்தான் அரசாங்கம் நாட்டுக் கடிகாரத்தை எல்லாம் அரை மணி பின்னுக்கு வைத்திருந்தது. அது நல்ல வேளையாக நினைவு வந்தது. ஆனால் அவசரத்தில், மூன்றை அழித்து ஐந்தரை போடுவதற்குப் பதில், மூன்றோடு ஐந்தரையைக் கூட்டி எட்டரை என்று போட்டுவிட்டான். பிரின்டர் மறுபடியும் மரம் அறுத்தது.

"ராவைக்கு ஒன்பது அஞ்சு," என்று வாசித்தார் ஹாஜியார்.

"மூணரைக்குத் தொறந்தா பாவம்," என்றார் பாறூக். "ஒன்பதுக்குத் தொறந்தா ஜனாஸா தூக்கணும்."

யாகூப் பைலைத் திரும்பத் திறக்கப் போனான். திரை அசையவில்லை. ஒரு விசையை அழுத்தினான். பத்து விசைகளை அழுத்தினான். மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்துத்தான் சிமிட்டுகிறது என்று அவனுக்குத் தோன்றியது.

"ஒரு கோல் எடுத்துட்டு வாறேன்," என்று முற்றத்துக்குப் போனான். சாதிக்காய் காய்ந்துகொண்டிருந்த சாக்குகளுக்கு நடுவில் நின்று பொன்னையா முதலாளிக்கு அடித்தான்.

"முதலாளி, கம்ப்யூட்டர் இறுகிருச்சு. என்ன செய்ய?"

"ஓஃப் பண்ணிட்டு ஓன் பண்ணு தம்பி. நம்ம போட்டோகொப்பி மெஷினுக்கு நான் அதத்தானே செய்யிறேன். பொண்ணு எப்படி?"

"இன்னும் பாக்கல்ல."

"அப்ப இவ்வளவு நேரமும் என்னத்தடா பாத்தே?"

யாகூப் உள்ளே வந்து, எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்ற முகத்தோடு, ஓஃப் பண்ணி ஓன் பண்ணினான்.

திரை கறுத்தது. நெடு நேரம் கறுத்தே இருந்தது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது. கம்ப்யூட்டர் ஓன் ஆகும்போது வழக்கமாக வருகிற நீல வானமும் இல்லை, மேகமும் இல்லை, சங்கீதமும் இல்லை. அவன் எதைத் தட்டினாலும் அதே வரி.

"சிஸ்டம் இல்லையாம்," என்று பாறூக் மொழிபெயர்த்தார். இந்தத் தடவை அவர் பகிடி விடவில்லை. அதுதான் யாகூபுக்குப் பயமாக இருந்தது.

மூத்த மகன் கட்டார் வெயிலில் வெந்து உழைத்து அனுப்பிய கம்ப்யூட்டர். இந்தச் சனங்கள் இரண்டு தரம் வட்டிலாப்பம் வைத்தார்கள். கெட்ட பேர், தோல்வி, ஜனாஸா எல்லாம் ஒரே பின்னேரத்தில் வந்து முடிந்துவிட்டது. இனி எதைக் காப்பாற்றுவதற்கு இந்தக் கதிரையில் உட்கார்ந்திருப்பது? யாகூப் எழுந்து நின்றான்.

"ஹாஜியார், எனக்குத் தெரியாது."

"என்ன மகன்?"

"இது எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. ஏன் ஓடல்லன்னும் தெரியாது. நான் இன்ஜினியரும் இல்ல, கொழும்புல வேல செஞ்சதும் இல்ல. பஸ் ஸ்டாண்ட் கொமினிகேஷன்ல போட்டோகொப்பி அடிக்கிறேன். வந்த ஒடனே சொல்லியிருக்கணும். பொண்ணத் தரமாட்டீங்களோன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். கம்ப்யூட்டரத் திருத்த எவ்வளவு போனாலும் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிருவேன். மன்னிச்சுக்கங்க."

அப்துல் ஸமத்தின் கரண்டி தரையில் விழுந்தது. ஆனால் முப்பது கலியாணம் முடித்து வைத்த வாய் அவ்வளவு லேசில் ஓயாது.

"பணிவு ஹாஜியார், பணிவு! பெரிய இன்ஜினியர்மார் எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க!"

ஹாஜியார் மிளகைக் கடித்துவிட்டு விலை சொல்வதற்கு முந்திய முகத்தோடு யாகூபையே பார்த்துக்கொண்டிருந்தார். யாகூப் வாசலில் கழற்றி வைத்த செருப்பு எந்தப் பக்கம் என்று கண்ணால் தேடினான்.

திரைச்சீலை விலகியது. றமீஸா வெளியே வந்தாள். முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேரே மேசைக்குப் போனாள். பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். உள்ளே மறந்துபோய்க் கிடந்த டிஸ்க் துள்ளி வெளியே வந்தது. ஒரு விசையைத் தட்டினாள். நீல வானம் வந்தது. மேகம் வந்தது. சங்கீதமும் வந்தது.

யாகூப் தான் பார்க்க வந்த பெண்ணை அப்போதுதான் பார்த்தான். அவள் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு உம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சிரிக்கிறாளா, கோபத்தை அடக்குகிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்று வாசலில் குரல் கேட்டது. பள்ளி மோதினார் கலந்தர், கையில் குடையோடு எட்டிப் பார்த்தார்.

"ஹாஜியார், போன வெள்ளிக்கெழம றமீஸா மகள் அடிச்சுத் தந்த நோன்பு அட்டையெல்லாம் முடிஞ்சு போச்சு, இன்னும் அம்பது வேணும்," என்றவர், கம்ப்யூட்டருக்கு முன்னால் வேர்த்து ஊற்றி நின்ற யாகூபைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "அட, அஞ்சாவது மாப்பிள்ளையும் வந்தாச்சா? இவராவது 'தெரியாது'ன்னு சொல்லிட்டாரா, இல்லாட்டி மத்த நாலு பேரு மாதிரி இவரும் தட்டிக்கிட்டேதான் இருக்காரா?"