பாகம் பிரித்த விளக்கு

"மாமா, இதுல பர்னரே இல்லையே?"

ஈஸ்வரபாண்டி பீங்கான் ஜாடி விளக்கைக் கவிழ்த்துப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான். வெள்ளைப் பீங்கானில் நீலப் பூக்கள், கழுத்தில் பித்தளை வளையம். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"பர்னர் கோம்பையில இருக்கு" என்றார் பவானியின் அப்பா அய்யாத்துரை.

"கண்ணாடி?"

"பொட்டிப்புரத்துல."

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி மூவரும் சொத்துப் பிரித்தபோது தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் சண்டை வரவில்லை. கடைசியாக வந்த இந்த விளக்குக்குத்தான் வந்தது. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துத் துரை தங்கள் அய்யாவைக் கூப்பிட்டுக் கையால் கொடுத்தது என்று மூவருக்குமே அப்படியொரு பெருமை. மூத்தவர் அய்யாத்துரை ஜாடியை எடுத்தார், நடு ஆள் முத்துக்கருப்பன் பர்னரைக் கழற்றிக்கொண்டார், கடைக்குட்டி சுருளி கண்ணாடிக் கூண்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். அன்றோடு பேச்சுவார்த்தையும் நின்றது.

"நான் போயி அவிங்ககிட்டக் கேக்க மாட்டேன். நீ கேளு. எங்கய்யா விளக்கு எரியுற அன்னைக்குத்தான் பவானிக்குப் பூ வைக்க உங்காத்தா இந்த வாசல்ல கால் வைக்கணும். எரியலைன்னா இந்தப் பேச்சை விட்டுரு."

"சரி மாமா, கடைக்குக் கொண்டுபோயி..."

"விளக்கு இந்த வீட்டுப் படி தாண்டாது!"

உத்தமபாளையத்தில், அவன் அப்பா பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்ட கடையில் ஈஸ்வரபாண்டி இப்போது மிக்சி பழுது பார்க்கிறான். பழைய விளக்குகளைச் சரிசெய்து குமுளி ரிசார்ட்டுகளுக்கு விற்பதும் உண்டு. மிக்சி ஜாரோடு கடைக்கு வந்த பவானி, ஜார் சரியான பிறகும் வந்துகொண்டிருந்தாள். அவளுக்காக அவன் நூறு விளக்கை வேண்டுமானாலும் எரியவைப்பான்.

முதலில் குறுக்குவழி தேடினான். கடையில் கிடந்த பர்னர் ஒன்றைப் பளபளவென்று தேய்த்து அனுமந்தன்பட்டியில் பவானி வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினான். அய்யாத்துரை முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டார்.

"எங்கய்யா விளக்குல ஊரான் சாமானா? கழட்டுலே!"

அவர் அதட்டிய அதட்டலில் கை பதறி ஒரு திருகு திருகினான். பர்னரோடு பித்தளை வளையமும், அதைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய சாந்தும் பொலபொலவென்று கையோடு வந்துவிட்டன. அய்யாத்துரை அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிளாஸ்டர் குழைத்து வளையத்தை உட்காரவைத்தான். அது காய்வதற்குள் கோம்பைக்கு ஓடினான். முத்துக்கருப்பன் வீட்டு நாய் அவனைக் கொய்யா மரத்தில் ஏற்றிவிட்டது. பேச்சு மரத்திலிருந்தபடியே நடந்தது.

"பர்னர் தாரேன். ஆனா பத்த வைக்கிறது நான்தான். சம்மதமா?"

நாயைப் பார்த்தபடி ஈஸ்வரபாண்டி சம்மதித்தான்.

பொட்டிப்புரத்தில் நாய் இல்லை. ஆனால் சுருளி கண்கலங்கினார். "அய்யாவுக்கு நான்னா உசுரு மாப்ள. கண்ணாடிய எடுத்துக்க. என் கையாலதான் ஏத்துவேன்னு மட்டும் சத்தியம் பண்ணு."

அழுகிறவரிடம் எப்படி மறுப்பது? சத்தியம் பண்ணினான்.

திரும்பி வந்து பார்த்தால் வளையம் ஒருபக்கம் சாய்ந்து இறுகியிருந்தது. கண்ணாடியை வைத்தால் அதுவும் சாய்ந்தது. சுரண்டி எடுத்து, நூல் தொங்கவிட்டு மட்டம் பார்த்து மறுபடியும் பூசினான். பர்னர் மரையில் பன்னிரண்டு வருடக் களிம்பு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான், விரல் நுனியெல்லாம் எரிந்தது. கடைசியில் பர்னர் கிறீச்சிடாமல் உள்ளே இறங்கியபோது, தன்னை மறந்து அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான்.

பார்த்துவிட்ட பவானி சிரித்தாள். "பத்த வைக்கிறது யாரு? எங்கப்பா ஒரு வாரமா தீப்பெட்டியை மடியிலயே வச்சிருக்காரு."

ஈஸ்வரபாண்டி புளிக்கையைத் துடைத்துக்கொண்டான். "உங்க சித்தப்பா ரெண்டு பேருக்கும் சரின்னுட்டேன் பவானி."

"நல்லது. கல்யாணத்துக்கப்புறம் எனக்கும் இப்படியே தலையாட்டுங்க."

வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகுகாலம். பத்து மணிக்குக் கூடத்தில் விளக்கைச் சுற்றி மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று தீப்பெட்டிகள்.

"மூத்தவன் நானு."

"பர்னர் என்னுது."

"மாப்ள சத்தியம் பண்ணியிருக்காக!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஈஸ்வரபாண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். போச்சு, பவானி போச்சு என்று அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தலையைக் குனிந்தான். குனிந்த கண்ணில் பர்னர் பட்டது.

"மாமா! இது ரெட்டைத் திரி! பெரியவுக ஒண்ணு, நடுவுலவுக ஒண்ணு!"

"அப்ப நானு?" சுருளியின் உதடு துடித்தது.

"கண்ணாடி இல்லாம எரிஞ்சா வெறும் புகைதான் மாமா. நீங்க கண்ணாடிய ஏத்துனாத்தான் விளக்கே!"

இரண்டு குச்சிகள் உரசின. இரண்டு திரிகளும் புகைந்தன. சுருளி கண்ணாடியை இறக்கினார். சுடர் எழும்பி நின்றது, நீலப் பூக்கள் பளிச்சென்றன.

"அய்யா..." என்றார் அய்யாத்துரை. அவ்வளவுதான், பன்னிரண்டு வருடம் பேசாதவர்கள் மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். அழுகைக்கு நடுவிலேயே பந்திக்கு யார் இலை போடுவது என்றும் பேசிக்கொண்டார்கள். ஈஸ்வரபாண்டி பவானியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டிக் காட்டினாள்.

பூத்தட்டோடு படியேறி வந்த அவன் தாய் அன்னத்தாய், விளக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"வா தங்கச்சி, எங்கய்யா விளக்கைக் கும்பிட்டுக்க" என்றார் அய்யாத்துரை.

அன்னத்தாய் தட்டைக் கீழே வைத்து, விளக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பானாள்.

"அண்ணே, இது எங்க கடை விளக்குல்ல! நான் வாக்கப்பட்டு வந்த வருசம், சுருளித் தம்பி காதுகுத்துக்கு ரெண்டு நாள் வாடகைன்னு உங்கய்யா வாங்கிட்டுப் போனாக. பொண்ணையும் சேத்துல்ல திருப்பித் தாரீக!"