கராஜில் கல் எடுத்த சித்தர்

டெக்ஸாஸ் மாநிலத்துப் பேர்லேண்டில், அந்தச் சனிக்கிழமை காலை ஒரு தெருவில் மட்டும் கார் நிறுத்த இடமில்லை. கல்யாணமா? இல்லை. கிரிக்கெட்டா? அதுவும் இல்லை. தனபாக்கியம் ஆன்ட்டி வீட்டுக் கராஜில் மணியன் சித்தர் எழுந்தருளியிருந்தார்.

சாதாரணச் சித்தர் என்று நினைத்துவிடாதீர்கள். இடுப்பில் பித்தளைக் குழலை வைத்து ஒரே ஒரு உறிஞ்சு. கிட்னியில் இருக்கும் கல் வெளியே வந்துவிடும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனிக்காரனோடு போனில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா? அதே குழல். வயதான ஆண்களுக்கு வரும் மூத்திர அடைப்பா? அதற்கும் அதே குழல்தான், இரண்டு விரல் கீழே. மேலே போனால் மாரடைப்புக்கும் பார்ப்பார் போலிருந்தது.

'நியூ ஜெர்சியில் ஆயிரக்கணக்கான கற்களை எடுத்த கையோடு வருகிறார்' என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி பறந்தது. எடுத்த வாயோடு என்று போட்டிருக்க வேண்டும். பக்தி வேகத்தில் யாரும் கவனிக்கவில்லை.

வந்திருந்த கூட்டம் படிக்காத கூட்டமா என்றால், அங்கேதான் வேடிக்கை. விண்வெளிக்குப் போகும் எந்திரத்துக்கு மென்பொருள் எழுதுகிறவர் ஒருவர், சட்டையை இடுப்புக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் வங்கி அதிகாரி. அவருக்கும் பின்னால், கழிப்பறைக் கதவு கண்ணில் படுகிற மாதிரி ஓர் இடம் பார்த்து, சுப்பையன்.

சுப்பையன் எங்கே போனாலும் முதலில் தேடுவது அந்தக் கதவைத்தான். ஹூஸ்டனிலிருந்து ஆஸ்டின் வரை ஃப்ரீவேயில் எந்த எக்ஸிட்டில் இறங்கினால் சுத்தமான கழிப்பறை இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தூக்கத்தில் எழுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. இரவில் பாதி நேரம் அவர் விழித்துத்தான் இருந்தார். போவார், நிற்பார், காத்திருப்பார், சொட்டுச் சொட்டாக வரும், திரும்பி வந்து படுப்பார். படுத்ததும் மறுபடி முட்டும்.

குடும்ப டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஸ்கேனும் பார்த்து, ப்ராஸ்டேட் வீங்கியிருக்கிறது, உடனே யூராலஜிஸ்டைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். சுப்பையன் இரண்டு முறை அப்பாயிண்ட்மெண்ட் வாங்கினார். இரண்டு முறையும் கேன்சல் செய்தார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே விரல் விட்டுப் பரிசோதிப்பார்கள் என்று நண்பர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தார்கள். அதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

மூன்றாவது அப்பாயிண்ட்மெண்ட் வரும் செவ்வாய்க்கிழமை. அதைப் பற்றி முதல் நாள் சமையலறையில் ஒரு பேச்சு நடந்திருந்தது.

"ஏனுங்க, செவ்வாய்க்கிழமை ஞாபகம் இருக்குதுங்களா?" என்றாள் மனைவி சாந்தாமணி.

"இருக்குது சாந்தா. அதுக்கு முன்னாடி சித்தரைப் பாத்துடறேன். அவரே அடைப்பை எடுத்துட்டாருன்னா அப்புறம் யூராலஜிஸ்ட் எதுக்கு? கேன்சல் பண்ணிக்கலாம்."

"மறுபடியுமா? யூரின் உள்ளயே தங்கித் தங்கி கிட்னி வரைக்கும் ப்ரெஷர் ஏறுதுன்னு டாக்டர் சொன்னாரில்ல? இப்படியே விட்டா கிட்னி போயிரும்னாரில்ல? பைப்லைன்ல வால்வு அடைச்சா பின்னாடி என்ன ஆகும்னு ஆபீஸ்ல ஊருக்கெல்லாம் க்ளாஸ் எடுக்கறீங்க."

சுப்பையன் எண்ணெய்க் குழாய் நிறுவனத்தில் முப்பது வருஷ இன்ஜினியர். குழாய் என்றால் அவர்தான்.

"அது ஆயில். இது வேற."

"என்னங்க வேற? ரெண்டும் பைப்புதானுங்க."

பதில் வராதபோது எல்லாரும் செய்வதை அவரும் செய்தார். நம்பிக்கை என்று ஒன்று வேண்டும், அது உனக்குப் புரியாது என்றார்.

சாந்தாமணி அடுப்பை அணைத்தாள். "சரி, நானும் வர்றேன். எனக்கும் இடுப்பு வலிக்குது. முதல்ல எனக்குப் பாக்கட்டும். சரியா எடுத்துட்டாருன்னா, நானே போன் பண்ணி உங்க அப்பாயிண்ட்மெண்ட்டை கேன்சல் பண்றேன். இல்லைன்னா செவ்வாய்க்கிழமை நீங்க பேசாம வந்து கார்ல உக்காரணும்."

சுப்பையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கோயிலில்கூடக் கேள்வி கேட்கிறவள், தானே சித்தரிடம் வருகிறேன் என்கிறாள்! உடனே ஒப்புக்கொண்டார்.

கராஜுக்குள் ஊதுவத்திப் புகை. புல்வெட்டும் எந்திரத்துக்கு முன்னால் காணிக்கை உண்டியல், பக்கத்தில் பட்டுத்துணி விரித்து அதன்மேல் சித்தர். அவர் பேசுவதில்லை. "சாமி கல் எடுக்கற நேரத்துல மௌன விரதம்" என்று கூட வந்திருந்த சீடர் அறிவித்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் சித்தர் திரைக்குப் பின்னால் போய்த் தியானம் செய்வார். திரும்பி வரும்போது கன்னம் இரண்டும் உப்பியிருக்கும்.

"பாத்தீங்களாண்ணே, முகத்துல என்ன தேஜஸ்!" என்று சுப்பையனின் காதில் கிசுகிசுத்தார் ஹாஜா நஜ்முதீன். அதே நிறுவனத்துக்காரர், அடுத்த தெருக்காரர். ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டது, தினமும் நடங்கள், சோடாவை விடுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் வேறு டாக்டர் தேடிக்கொண்டிருந்தார். "வீட்டுல முனவ்வராவுக்குத் தெரியாம வந்திருக்கேன். சொல்லிடாதீங்க."

ஹாஜாவின் முறை வந்தது. விலாவுக்குக் கீழே குழல். ஸ்ஸ்ஸ்ர்ர். சித்தர் கிண்ணத்தில் துப்பினார். மஞ்சளாக ஒரு கட்டி. பிறந்தநாள் மெழுகுவத்தி போலத்தான் இருந்தது. ஆனால் ஹாஜாவின் கண் கலங்கிவிட்டது.

"நாலு வருஷத்துப் பிரியாணிண்ணே!" என்றார். அந்த ஆனந்தத்தில் ஒரு சோடா கேனை உடைத்து மடமடவென்று குடித்தார்.

அடுத்து சாந்தாமணி. சித்தர் தியானம் முடித்துக் கன்னம் பூரித்து வந்தார்.

"எங்கம்மா வலி?" என்றார் சீடர்.

"இடது பக்கமுங்க."

சித்தர் சுடிதாருக்கு மேலேயே குழலை வைத்தார். கண்ணை மூடினார். கையை ஆட்டி ஏதோ ஜாடை காட்டினார். சீடர் மொழிபெயர்த்தார்: "இடது கிட்னி ரொம்ப மோசமா இருக்கு. பழைய கல். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கிட்னியே போயிருக்கும்."

"அய்யய்யோ" என்றாள் சாந்தாமணி. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

ஸ்ஸ்ஸ்ர்ர். டங். டங். எவர்சில்வர் டம்ளரில் இரண்டு கற்கள் விழுந்தன. துணியில் ஒரு பொத்தல் இல்லை, கல் மட்டும் வந்துவிட்டது. கராஜே கைதட்டியது. தனபாக்கியம் ஆன்ட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சுப்பையனும் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

இடது கிட்னியா?

சாந்தாமணிக்கு இடது கிட்னி ஏது? அதைத்தான் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் வைத்து எடுத்து, அவள் தம்பி செழியனுக்குப் பொருத்தினார்களே! அறைக்கு வெளியே நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரே இவர்தானே! அந்தக் கிட்னி இப்போது பொள்ளாச்சியில் செழியன் வயிற்றுக்குள் சௌக்கியமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. சித்தர் பேர்லேண்டிலிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு முழக் குழலில் உறிஞ்சிவிட்டாரா? மனைவி ஏன் வந்தாள் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சாந்தாமணி அதற்குள் போனை எடுத்து வீடியோ கால் போட்டுவிட்டாள். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். செழியன் வாயில் தோசையோடு வந்தான்.

"டேய் செழியா, நான் உனக்குக் குடுத்த கிட்னியில இருந்து சாமி இப்பத்தான் ரெண்டு கல் எடுத்தாரு. உனக்கு எப்படி இருக்குது?"

"என்னக்கா சொல்ற? போன வாரம்தான் ஸ்கேன் பண்ணி எல்லாம் க்ளியர்னாங்க." அவன் தோசையை விழுங்கினான். "அங்க என்ன கூட்டம்? யாருக்குக் கல்யாணம்?"

பின்வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நம் ஆட்களை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சீடர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "போனது ஸ்தூலக் கிட்னி. சாமி எடுத்தது சூட்சுமக் கிட்னியில இருந்த கல்" என்றார்.

தனபாக்கியம் ஆன்ட்டிக்குப் புல்லரித்துவிட்டது. "கேட்டீங்களா! இல்லாத கிட்னியிலயே கல் எடுக்கறாருன்னா, இருக்கற கிட்னியில எடுக்க மாட்டாரா?"

கூட்டம் தலையை ஆட்டியது. விண்வெளிக்காரர் கொஞ்சம் பலமாகவே ஆட்டினார். வரிசை முன்பைவிட நெருக்கிக்கொண்டது. சித்தர் திரைக்குப் பின்னால் போய்க் கன்னம் உப்பித் திரும்பினார். இவ்வளவு பக்திக்குச் சாந்தாமணியிடம் மருந்து இல்லை.

"அடுத்தது யாரு?" என்றார் சீடர்.

அடுத்தது சுப்பையன்.

அவர் போய் நின்றார். சட்டையைத் தூக்கவில்லை. கையை நீட்டி, "அந்தக் குழலைக் கொஞ்சம் குடுங்க சாமி" என்றார். சித்தர் கொடுப்பதற்குள் அவரே வாங்கிவிட்டார். குழாயைக் கையில் எடுத்ததும் முப்பது வருஷப் பழக்கம் தானாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். டம்ளரிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் குழலின் வாயில் வைத்தார். போகவில்லை. இன்னொன்றை வைத்தார். அதுவும் போகவில்லை.

"ஓட்டை கடுகு சைஸ்ல இருக்குது. கல்லு கொண்டைக்கடலை சைஸ்ல இருக்குது. சூட்சுமமோ கீட்சுமமோ, இந்தக் கல் இந்தப் பைப் வழியா எப்படிங்க வந்துது? பாய், நீங்களே போட்டுப் பாருங்க."

ஹாஜா போட்டுப் பார்த்தார். விண்வெளிக்காரர் போட்டுப் பார்த்தார். வங்கி அதிகாரி எட்டிப் பார்த்தார். குழல் கை மாறிக் கை மாறிப் பின்வரிசைக்குப் போக ஆரம்பித்தது. சித்தரின் கண்கள் அதன் பின்னாலேயே போயின. ஒரு குழந்தை அதை ஊதிப் பார்க்க வாயில் வைத்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"டேய், என் குழலைக் குடுங்கடா!"

மௌன விரதம் கலைந்தது. கூடவே வாயிலிருந்து டங், டங், டங் என்று மூன்று கற்கள் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டன. சுப்பையனுக்காக அதக்கி வைத்திருந்தவை. அதில் ஒன்று நல்ல நீல நிறம். மீன் தொட்டிக்குப் போடுகிற கல்.

"அட, தேஜஸ் கீழ விழுந்துடுச்சு!" என்றார் ஹாஜா. அப்புறம்தான் கிண்ணத்து மெழுகு அவர் நினைவுக்கு வந்தது. கையிலிருந்த சோடா கேனைப் பார்த்தார். மெதுவாக அதைக் குப்பைக் கூடையில் போட்டார்.

அதற்கப்புறம் கராஜில் எழுந்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. தனபாக்கியம் ஆன்ட்டியே சிரிப்பை அடக்க முடியாமல் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு ஓய்வதற்குள் சித்தரும் சீடரும் வாடகைக் காரில் ஏறிவிட்டார்கள். காணிக்கை உண்டியல் மட்டும் காரில் ஏறவில்லை. அதன்மேல் சாந்தாமணி உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சுப்பையன் பேசாமல் வந்து காரில் உட்கார்ந்தார். டாக்டர் ஓர் இளம்பெண். சுப்பையன் பயந்த பரிசோதனை, அவர் மூச்சை இழுத்துப் பிடித்து விடுவதற்குள் முடிந்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்று கேட்டே விட்டார். புற்றுநோய் மாதிரி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை, ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது, சாதாரண வீக்கம்தான், மாத்திரையில் பார்ப்போம், கேட்காவிட்டால் சின்ன ஆபரேஷன் என்றார் டாக்டர். கிட்னி இன்னும் தப்பித்துத்தான் இருக்கிறதாம். இன்னும் சில மாதம் தள்ளிப் போட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாதாம். ஒரேயடியாக அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, இடுப்பு வலியோடு காய்ச்சல் வந்தாலோ யாரையும் கேட்காமல் எமர்ஜென்சிக்கு வந்துவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்தால், காத்திருப்பு அறையில் தெரிந்த முகங்கள். வங்கி அதிகாரி பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். விண்வெளிக்காரர் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தார்.

"சும்மா ரொட்டீன் செக்கப் சார்" என்றார் விண்வெளிக்காரர், யாரும் கேட்காமலே.

"நானும் சும்மாதான்" என்றது பத்திரிகை.

சுப்பையன் சுற்றுமுற்றும் பார்த்தார். அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தோன்றவில்லை.

"என்னங்க சும்மா? ஒண்ணுக்குப் போக முடியலைன்னு சொல்லுங்க. எனக்கும் அதுதான். கராஜ்ல அத்தனை பேர் முன்னாடி சட்டையைத் தூக்கிக்கிட்டு நின்னோம், அப்ப வராத வெட்கம் கதவு சாத்தின ரூம்ல டாக்டர்கிட்ட எதுக்குங்க? கிட்னியில அடைச்சாலும் ப்ராஸ்டேட்ல அடைச்சாலும் உள்ள இருக்கற அந்தப் பொண்ணு பாத்துக்கும். மூளையில அடைச்சுக்கிட்ட கல்லை எடுக்கத்தான் இந்த அமெரிக்காவுலயும் டாக்டர் கிடையாது. அதை அவங்கவங்களே யோசிச்சு எடுத்துக்கணும்."