சந்துப் பக்கம் மாட்டிய ஏசி

"காயாரோகணத்துக்குக் குளிர் விட்டுப்போச்சு. இந்தக் கோடையில அவனுக்குச் சூடு வச்சே தீருவேன்!"

சித்திரை மாதத்துக் காலையில் தங்கையன் இப்படிச் சபதம் செய்தபோது அவர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. ஏசி கடை நோட்டீஸ்தான் இருந்தது.

காயாரோகணம் அவருடைய சித்தப்பா மகன். ஒரத்தநாட்டுப் பக்கம் அடுத்தடுத்த வீடு. நடுவே மூணடிச் சந்து. அது யாருடையது என்று பதினோரு வருஷமாக வழக்கு. ஆட்சி மாறியது, தாசில்தார்கள் மாறினார்கள், ஒவ்வொரு ஜமாபந்தியிலும் தங்கையன் கொடுத்த மனு மட்டும் மாறவில்லை. சந்துக் கதவை இரண்டு வீட்டிலும் ஆணி அடித்து மூடியாகிவிட்டது. ரெண்டு போகம் விளையும் வயலுக்குக்கூட அவர் அவ்வளவு அலைந்ததில்லை. சந்தில் விளைந்ததோ நாயுருவி மட்டும்தான்.

"ஏசி வாங்கப்போறேன்," என்றார் மனைவி நீலாயதாட்சியிடம்.

"அதிசயமா இருக்கே! ஃபேன் போட்டாலே சளி புடிக்கும்பீங்க?"

"குளிர் நமக்குடி. வெளிய ஒரு பெட்டி மாட்டுவான் பாரு, அதுலேர்ந்து அனல் அடிக்கும். அதை அவன் ஜன்னலுக்கு நேரா மாட்டணும். அவிஞ்சு சாவட்டும்!"

நீலாயதாட்சி ஒரு நிமிஷம் யோசித்தாள். "நல்ல யோசனைங்க," என்றாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பூரிப்பில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மெக்கானிக் செல்லதுரை வந்தார். உள்பெட்டியைக் கூடத்தில் மாட்டினார். சுவரில் துளை போட்டார். சந்தை எட்டிப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"கேஸ் நடக்குற இடமாமே சார். பக்கத்து வீட்டுக்காரரும் நீங்களும் சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் வெளிப்பெட்டிய மாட்டுவேன். நாளைக்குப் போலீசு என்னையில்ல கூப்பிடும்?"

தங்கையன் முகம் தொங்கிப்போனது. "அவனாவது, கையெழுத்துப் போடறதாவது!"

"நான் வாங்கிட்டு வரேன்," என்று நீலாயதாட்சி கிளம்பினாள். கால் மணி நேரத்தில் காகிதத்தோடு திரும்பினாள். கீழே காயாரோகணத்தின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

"எப்படிடி போட்டான்?"

"அவர் பொண்டாட்டி பூவம்மா சொன்னா போடமாட்டாரா? நீங்களும் இங்க ஒண்ணு போடுங்க."

"என் கண்ணாடி எங்க?"

"கையெழுத்துப் போடக் கண்ணாடி எதுக்கு? மெக்கானிக் காத்துக்கிட்டு நிக்கிறாரு."

"முட்டாப்பய! தனக்குத் தானே சூடு வச்சுக்கச் சம்மதிச்சிருக்கான்." சிரித்துக்கொண்டே போட்டார் தங்கையன்.

மறுநாள் மத்தியானம் ஏசி ஓடியது. வெளிப்பெட்டி காயாரோகணத்தின் ஜன்னலைப் பார்த்து அனல் கக்கியது. தெருவில் நின்று அந்த அழகைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத் தங்கையன் கூடத்துக்குள் நுழைந்தார்.

அவருடைய சாய்வு நாற்காலியில் காயாரோகணம் படுத்திருந்தான். பக்கத்தில் பூவம்மாள், அவள் மாமியார், நாலு பிள்ளைகள். நீலாயதாட்சி தர்பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். சந்துக் கதவில் ஒரு ஆணிகூட இல்லை.

"என்னடி கூத்து இது?"

"நீங்கதானங்க கையெழுத்துப் போட்டீங்க! 'சந்து ரெண்டு வீட்டுக்கும் பொது, வழக்கை வாபஸ் வாங்கிக்கிறோம்'னு."

காயாரோகணம் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்களா விட்டுக்கொடுத்தீங்கன்னு பூவம்மா சொன்னாண்ணே. படிக்காமலே போட்டுட்டேன்!"

தங்கையன் கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தார். பதினோரு வருஷம் கழித்துக் காதில் விழுந்த 'அண்ணே' அந்தக் கத்தலை மறக்கடித்துவிட்டது. "சரி, சரி. நகருடா, நானும் உக்கார்றேன்."

"இங்க எங்கங்க இடம்?" என்றாள் நீலாயதாட்சி. "அவங்க வீட்டு ஜன்னலோரக் கட்டில்ல பூவம்மா வடாம் புழிஞ்சு வச்சிருக்கா. நம்ம பெட்டி அடிக்கிற அனலுக்குச் சாயங்காலமே காஞ்சுரும். வீட்டுல ஆள் இல்ல. கோழி வந்து கொத்தாம நீங்க போய்ப் பாத்துக்குங்க."

கையில் குச்சியோடு, தாம் மாட்டிய பெட்டிக்கு நேர் எதிரே தங்கையன் போய் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சந்தைத் தாண்டி நீலாயதாட்சியின் குரல் வந்தது.

"என்னங்க, வடாத்தைத் திருப்பிப் போட்டீங்களா?"