இணையச் செய்தி நெறிப்படுத்தல் குழு

உலகத்தில் எந்த மூலையில் என்ன நடந்தாலும் காலை ஒன்பது பத்துக்குள் அந்தக் குடிநீர் வழங்கல் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். அப்படியோர் அலுவலகம் பூமியில் இன்னொன்று இருக்க வாய்ப்பில்லை.

முன்பு அங்கேயும் எல்லாரையும் போலக் கைபேசியில் வந்ததைப் படித்து, அடுத்தவர் தலையில் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். விடுமுறை என்று எவனோ கிளப்பிவிட்டதை நம்பி ஒருநாள் பாதி அலுவலகம் வீட்டிலேயே படுத்துவிட்டது. மேலாளர் வெகுண்டார். குழு பிறந்தது. தலைவர் அவர், உறுப்பினர் நால்வர். வேலை செய்ய மட்டும் ஒருத்தி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவள் என்பதால் 'பட்டதாரி' என்று அழைக்கப்பட்ட தற்காலிக எழுத்தர். அந்த அழைப்பில் பாராட்டு கால் பங்கு, நக்கல் முக்கால் பங்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலாளர் மனது வைத்தால் வேலை நீளும்.

முறையில் குறை சொல்ல எதுவுமில்லை. நம்பகமான பதினான்கு செய்தித் தளங்கள். எல்லாம் ஒரே திரையில் வந்து விழும். 'தண்ணீர்' என்ற சொல் எங்கே வந்தாலும் கணினி மணியடிக்கும். மூன்று தளங்கள் சொன்னால் செய்தி. இல்லாவிட்டால் 'வெறும் பேச்சு'. பட்டதாரி ஒரே தாளில் தொகுப்பாள், ஐவரும் படித்துக் கையெழுத்திடுவார்கள். செவ்வாய்க் கிரகத்தில் பனிக்கட்டி இருப்பதைக் குழு அப்படித்தான் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

அந்தத் திங்கட்கிழமை பட்டதாரியின் அக்கா போன் செய்தாள். அவள் வீடு ஆறாவது பகுதியில். குழாயில் டீ நிறத்தில் தண்ணீர் வருகிறதாம், சாக்கடை நாற்றமாம், குழந்தை விடிந்ததிலிருந்து வாந்தி எடுக்கிறதாம். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் படம் போட்டிருந்தார்கள். பட்டதாரி அதைத் தொகுப்பின் தலையில் வைத்தாள்.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "ஆதாரம்?"

"குடிச்சவங்க சார்."

"அவங்க நம்ம பட்டியல்ல இல்லையேம்மா."

"நம்ம குழாய் சார் அது. வால்வை மூடச் சொன்னா பத்து நிமிஷ வேலை."

அவர் பொறுமையாக விளக்கினார். நாற்பது பேரும் ஒரே தெரு. ஆகவே ஒரே ஆதாரம். அதுவும் பட்டியலில் இல்லாத ஆதாரம். செய்தி 'வெறும் பேச்சு' வரிசைக்கு இறங்கியது. ஐவரும் படித்தார்கள், கையெழுத்திட்டார்கள், டீ குடித்தார்கள்.

நடைவழியில் வால்வுக்காரர் அவளை நிறுத்தினார். "நேத்தே நான் மோந்து பார்த்தேன்மா. ஆனா நான் பேப்பர் இல்லையே." எழுத்தில் உத்தரவு இல்லாமல் கை வைத்தால் தன் வேலை போய்விடும் என்றார். பொய்யில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் செய்தித் தளங்களுக்கே போன் போட்டாள். அதில் ஒரு தளத்தின் செய்தி ஆசிரியர் ரொம்பப் பண்பானவர். குடிநீர் அலுவலகம் உறுதி செய்த மறுநிமிடம் வெளியிடுவதாகச் சொன்னார். அலுவலகமோ அவர் வெளியிட்ட மறுநிமிடம் உறுதி செய்யத் தயாராக இருந்தது. பொறுப்புமிக்க இந்த இரண்டு நிறுவனங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், மருத்துவமனையில் அக்கா குழந்தையின் கையில் குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தார்கள். அன்றைய தொகுப்பிலும் அவள் அதையே எழுதினாள். ஐவரும் கையெழுத்திட்டார்கள்.

புதன்கிழமை மருத்துவமனையில் குழந்தைகளுக்குக் கட்டில் போதவில்லை. கட்டில் பற்றாக்குறை செய்தியல்லவா, மூன்று தளங்கள் ஒரே மூச்சில் வெளியிட்டன. காரணம் 'தண்ணீர்' என்று அதில் எழுதியிருந்ததால் மணி அடித்தது. வால்வு பத்தே நிமிடத்தில் மூடப்பட்டது.

"பார்த்தியாம்மா, நம்ம முறை எவ்வளவு கச்சிதமா வேலை செய்யுது," என்றார் மேலாளர். அவருக்கு உண்மையிலேயே பெருமை.

அவள் பதில் சொல்வதற்குள் மேசைத் தொலைபேசி ஒலித்தது. நேற்றைய செய்தி ஆசிரியர். குழுவும் கேட்கட்டும் என்று மேலாளர் ஒலிபெருக்கியை அழுத்தினார். தண்ணீர் கெட்டது அலுவலகத்துக்கு எப்போது தெரியும் என்று ஆசிரியர் கேட்டார். "எங்களுக்கே உங்க செய்தியைப் பார்த்துதான் சார் விஷயம் தெரியும். தெரிஞ்சவுடனே மூடிட்டோம்," என்றார் மேலாளர்.

பட்டதாரி தொலைபேசிப் பக்கம் குனிந்தாள்.

"சார் அடக்கமா சொல்றார். திங்கக்கிழமை காலை ஒன்பது பத்துக்கே எங்களுக்குத் தெரியும். அஞ்சு பேரும் படிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. தாளைப் படம் எடுத்து அனுப்பட்டுமா?"