மரவள்ளிப் புத்தகத்தின் மேல் போட்ட துண்டு

நைனார்பாளையம்,
வியாழக்கிழமை.

ரிஷிவந்தியம் மாப்பிள்ளை வீரமுத்து அவர்களுக்கு மைத்துனன் தீனதயாளன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் கரும்பும் சுகம். அங்கே தாங்களும் என் தங்கை அம்சவள்ளியும் மரவள்ளியும் சுகமாக இருக்க அர்த்தநாரீசுவரர் அருள வேண்டும். மரவள்ளிக்குச் சுகமில்லை என்று தெரியும், மரியாதைக்காகச் சேர்த்தேன்.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். வரப்போரச் செடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது, மாவுப்பூச்சிதான், அமாவாசை கழிந்ததும் மொத்தத்தையும் பிடுங்கிப் போடப்போகிறேன் என்று போட்டோ அனுப்பினீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தன் பல்கலைக்கழக நூலகத்தில் இதற்கென்றே புத்தகம் இருக்கும் என்று மகள் மணிமொழி சொன்னாள், அவளோடு போனேன். கம்ப்யூட்டரில் தேடி ஒரு நம்பரை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டாள். புது ஊரில் வீடு தேடுகிறவன் மாதிரி அலமாரி அலமாரியாக அலைந்தேன். நெல் வந்தது, வாழை வந்தது, கிழங்கு மட்டும் வரவில்லை. கடைசியில் அடித்தட்டில் கிடைத்தது. கிழங்கு வேறெங்கே இருக்கும்? வெளியே கொண்டுபோக அட்டை வேண்டுமாம், அட்டையோ மகளிடம். அதற்குள் வேறு யாராவது தூக்கிவிட்டால் உங்கள் மரவள்ளி கதி என்ன? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகச் செய்வதையே செய்தேன். தோளில் கிடந்த துண்டைப் புத்தகத்தின் மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அலமாரி முன்னால் நூலகர் தனுஷா மேடம். "இன்னாங்க இது, லைப்ரரியா பஸ்ஸா?" என்றார். பக்கத்தில் பிரவீன்குமார் என்று ஒரு சின்னசேலத்து மாணவன். அவனுக்கும் அதே புத்தகம்தான் வேண்டுமாம்.

"துண்டு போட்டுக்கீதேன்னு கைவெக்காம நின்னுகினு இருக்கேங்க" என்றான்.

பாருங்க மாப்ளே, நம்ம பக்கத்துல தர்மம் இன்னும் சாகல. மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. இங்கே துண்டு செல்லாது என்று சொல்லி, இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். அவன் படிக்க நான் கேட்டேன். மாவுப்பூச்சியை ஒழிக்க ஒரு பொடிக் குளவி இருக்கிறதாம், கண்ட மருந்தை அடித்தால் அதுதான் முதலில் சாகுமாம். ஆகையால் பிடுங்காதீங்க, மருந்தும் அடிக்காதீங்க, விவசாய ஆபீசுக்குப் போய்க் குளவி கேளுங்க. அவ்வளவு அலைஞ்சிருக்கேன், ஒரு தடவையாவது நான் சொல்றதைக் கேளுங்க.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். தங்களுக்கு வணக்கம்.

தீனதயாளன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அம்சவள்ளி போன் செய்தாள். "ஆடு வாய் வெக்கக் கூடாதுன்னு வரப்போரச் செடிக்கு நான்தாண்ணா சாம்பல் கரைச்சித் தெளிச்சேன். இவரு வரப்ப வுட்டுக் கீழ எறங்கினாத்தான தெரியும்?" என்றாள். ஆக, மேலே எழுதியது எதுவும் வேண்டாம், ஒரு மழை போதும். புத்தகத்தை மணிமொழி அட்டையில் எடுத்துவந்தேன். பிரவீன்குமார் காத்திருக்கிறான், கொடு என்கிறாள். பாதிதான் படித்திருக்கிறேன், மேலே துண்டு போட்டிருக்கிறேன்.