பத்து விரல் சமாதானம்

மனிதர்களுக்கு நடுவே நிற்கும் சுவர்களில் மிக உயரமானது மொழிச்சுவர், அதைப் பத்து விரல்களால் தகர்த்துவிடலாம் என்று பிரகடனம் செய்துவிட்டு, ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பத்தில் இரண்டு விரல்களுக்குத்தான் வேலை தெரியும்.

மகன் ஜப்பான்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று விளக்கிப் பன்னிரண்டு பக்கக் கடிதம் மட்டும் போனது. இப்போது அங்கே பேத்தி பிறந்து நாற்பது நாள். 'குழந்தையைப் பார்க்க வரலாமா?' என்று அகராதியைப் பார்த்து, மருமகளை அவள் மொழியிலேயே மெசேஜில் கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தார். மகனிடம் போய்க் கெஞ்சுவது கௌரவக் குறைச்சல்.

"போன் பண்ணிக் கேட்டா ஆகாதா?" என்றாள் மனைவி.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

கீபோர்டில் ஜப்பானிய எழுத்தே இல்லை. ஸ்டிக்கர் வாங்கிவந்து எல்லா விசையிலும் ஒட்டினார். தட்டினால் ஆங்கிலம்தான் வந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர் போனில் சிரித்தார்.

"சார், செட்டிங்ஸ்ல ஜப்பானீஸைச் சேர்த்துட்டு இங்கிலீஷ் எழுத்துலயே அடிங்க, அதுவா மாறிக்கும். ஒட்டச் சொல்லி யார் சார் சொன்னது?"

கத்தியால் சுரண்டினார். ஸ்டிக்கரோடு ஆங்கில எழுத்துகளும் உரிந்து வந்தன. இனி எல்லாம் குத்துமதிப்புதான்.

வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடுவது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். ஜப்பானியத்தில் அந்த நீளக் கட்டையைத் தட்டினால் இடைவெளி விழவில்லை, எழுத்து உருமாறியது. மறுபடி தட்டினால் இன்னொன்றானது.

"அடங்க மாட்டேங்குதே சனியன்!" என்று என்டரை இரண்டு முறை ஓங்கிக் குத்தினார். முதல் குத்தில் எழுத்து உறுதியானது. இரண்டாவது குத்தில் மருமகளுக்கே போய்விட்டது.

"என்னன்னு போச்சு?" என்றாள் மனைவி.

"எனக்கெப்படித் தெரியும்?"

திருத்தம் அனுப்பினார். அப்புறம் திருத்தத்துக்கு ஒரு திருத்தம். பதினோரு செய்திகள் போனபிறகு, மேசைமேல் கிடந்த மனைவியின் போன் அடித்தது. திரையில் அவர் பார்த்தேயிராத ஒரு குழந்தையின் படம்.

"ஐயோ, அதை எடுக்காதீங்க!" சோப்புக் கையோடு மனைவி ஓடிவருவதற்குள் அவர் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

கேட்டது அவர் அறியாத ஒரு பெண் குரல்.

"அத்தை, மாமா பதினோரு மெசேஜ் அனுப்பியிருக்காரு, ஒண்ணுமே விளங்கல. தமிழ்ல அனுப்பச் சொன்னா படிச்சிருவேன்... ஆனா எனக்குத் தமிழ் வரும்னு தெரிஞ்சா, பேச ஆரம்பிச்சிருவாரே!"