நாலு நல்ல வார்த்தை

"சார், உங்க ஆளு மாட்டிட்டுப் போன பீரோவுக்குக் கதவு சுவர் பக்கமா இருக்கு. துணியை எப்படி எடுக்குறது, பக்கத்து வீட்டு வழியாவா?"

மரச்சாமான் கடை மேனேஜர் போனிலேயே மன்னிப்புக் கேட்டார். யார் கைவரிசை என்று விசாரிக்கத் தேவையில்லை. கடையில் எல்லோரும் 'நிதானம்' என்று கூப்பிடும் ஆள்தான். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் ஒரு கட்டிலை மாட்டி முடிப்பதற்குள் வாங்கியவர் தரையில் படுத்துப் பழகிவிடுவார்.

கூப்பிட்டு, வேலை சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். மேனேஜருக்கு அது மட்டும் வரவே வராது. நிதானம் எதிரில் வந்து நின்றதும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் அவரைக் கடையின் கெட்டிக்காரத் தச்சரோடு சேர்த்துவிட்டார். பார்த்தாவது கற்றுக்கொள்ளட்டும் என்று எண்ணம். தச்சர் பாதி நாள் தன் வேலையைப் பார்த்தார்; மீதி நாள் நிதானம் மாட்டியதையெல்லாம் கழற்றினார்.

சரி, ஊக்கம் கொடுத்துப் பார்ப்போம் என்று எல்லோர் முன்னாலும் நிதானத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார் மேனேஜர். தச்சருக்குச் சுருக்கென்றது.

"கதவைப் பின்னாடி வெச்சாத்தான் தட்டிக்கொடுப்பீங்கன்னா, நாளையிலேர்ந்து நானும் அங்கேயே வைக்கிறேன் சார்."

சொன்னபடி அவர் செய்யவில்லை. எதிர்க்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மற்றவர்களும் எதிர்க்கடைப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். தேடித் தேடிச் சேர்த்த ஆட்கள் இப்படிக் கலைவதை மேனேஜரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இன்னொரு கிளையின் மேனேஜருக்குப் போன் போட்டார்.

"ஆள் வேணும்னு கேட்டீங்களே. தங்கமான ஆளு ஒருத்தர் இருக்காரு. எனக்கு விட மனசே இல்ல, உங்களுக்காகத்தான்."

வழியனுப்பும் நாளில் கேக் வெட்டினார்கள். நிதானம் இல்லாத கடையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்று மேனேஜர் நெகிழ்ந்து பேசினார். நிதானத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என் வேலை சரியில்லையோன்னு ரொம்ப நாளா ஒரு பயம் சார். உங்ககிட்டயே கேட்டுடலாம்னு நேத்துகூட வீட்டுல சொல்லிட்டிருந்தேன். இனி கேக்க வேண்டியதில்ல."

மேனேஜர் கையிலிருந்த கேக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். ஒருநாள் உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் திருந்தியிருப்பார். தச்சரும் போயிருக்க மாட்டார். நல்லவன் என்று பேர் வாங்குவதற்காக இரண்டு பேருக்குக் கெடுதல் செய்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டே நிதானம் கடை வேனில் ஏறினார். மேனேஜர் டிரைவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பாவம்ப்பா. புது இடத்துல போய் என்ன பாடுபடப் போறாரோ."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்," என்றார் டிரைவர். "உங்களை அந்தக் கிளையிலேர்ந்து இங்க ஏத்திட்டு வந்ததும் நான்தானே. அன்னைக்கும் கேக் வெட்டி இதே பேச்சைத்தான் பேசினாங்க, நீங்களும் இப்படித்தான் அழுதீங்க."